பெரிய மீன் தொட்டியை மலையக வீட்டுக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பெரிய மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பல வருடமாக என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். மீனைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருப்பார்கள். தொட்டி வாசலைத் தாண்டுமா, தரை தாங்குமா என்று பார்த்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் லொறி நிற்கும் இடம் ஒன்று, வீடு இருக்கும் இடம் ஒன்று. நடுவில் பாசி பிடித்த படிகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பெரிய தொட்டி என்று நான் சொல்வது நான்கடியும் அதற்கு மேலும்.

ஆறடித் தொட்டின்னா எவ்வளவு பாரம் வரும்?

இரண்டு பாரங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெறும் தொட்டியின் பாரம் வழியில் உங்களைப் படுத்தும். நிறைந்த தொட்டியின் பாரம் தரையைப் படுத்தும். முதலாவது ஒரு நாள் வேலை, இரண்டாவது தொட்டி இருக்கும் காலம் முழுக்க.

12 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர அடி ஏறத்தாழ 2.8 கிலோ. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 44 சதுர அடி கண்ணாடி. மேல் விளிம்பில் ஒட்டும் கண்ணாடிப் பட்டிகளையும் சேர்த்தால் வெறும் தொட்டியே 130 கிலோ அளவில் வரும். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. இந்தத் தொட்டி விளிம்பு வரை 680 லீற்றர் கொள்ளும். கூழாங்கல் போட்டு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினாலும் 600 லீற்றர் இருக்கும். இரண்டு அங்குலம் கூழாங்கல் 85 கிலோ. ஸ்டேண்டையும் கூட்டிப் பாருங்கள், 900 கிலோவைத் தொட்டுவிடும். வளர்ந்த ஆட்கள் பதினாலு பேர் 12 சதுர அடிக்குள் நெருக்கி நிற்பது போல, அதுவும் இரவு பகலாக.

நான்கடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்கு இறங்கிவிடும். 8 மில்லிமீட்டர் கண்ணாடியில் வெறும் தொட்டி 40 கிலோ சொச்சம், தண்ணீர் 255 லீற்றருக்குள். பலருக்கும் நான் சொல்லும் அளவு இதுதான்.

வெறுந் தொட்டிதானே, நாலு பேர் தூக்கினா போதாதா?

சமதரையில், அகலமான வழியில், நான்கு பேர் போதும். படியில் போதாது. சரிவில் தொட்டி சாய்ந்தவுடன் பாரம் கீழே நிற்கிறவர்கள் பக்கம் போய்விடும். மேலே நிற்பவர் கை வெறுமனே வழிகாட்டுவதாக ஆகிவிடும். ஆறடித் தொட்டிக்கு ஆறு பேர், அதில் பலமானவர்கள் கீழ்ப்பக்கம். தூக்காமல் வழியை மட்டும் பார்க்க ஏழாவதாக ஒருவர். "தூக்கு", "நில்லு", "வை" என்று சொல்வது அந்த ஒருவர் மட்டும். ஆளாளுக்குக் கத்தினால்தான் கை நழுவுகிறது.

செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் தூக்கக் கூடாது. கால் மூடும் சப்பாத்து, பிடிமானமுள்ள கையுறை. கண்ணாடி விளிம்பைத் தேய்த்திருக்கிறார்களா என்று கடையிலேயே விரலால் அல்ல, துணியால் தடவிப் பாருங்கள். துணி சிக்கினால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தூக்குவது எப்போதும் அடித்தட்டின் கீழே தூக்குபட்டி போட்டு. மேல் கண்ணாடிப் பட்டிகளைப் பிடித்துத் தூக்கினால் அவை பிய்ந்து வரும்.

தூக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: தொட்டி நழுவினால் விட்டுவிட வேண்டும். காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்கக் கூடாது. நம் பையன்கள் நன்றிக்காகக் காலைக் கொடுப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். தொட்டியைத் திரும்ப வாங்கலாம். கால் நரம்பை வாங்க முடியாது.

எங்க வாசல் மூணடி அகலம். ரெண்டடி தொட்டி தாராளமா போகும்தானே?

வாசலுக்குள் போகும். வாசலுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மூன்றடி நடைபாதையிலிருந்து இன்னொரு மூன்றடி நடைபாதைக்குள் செங்கோணமாகத் திரும்ப வேண்டியிருந்தால், இரண்டடி அகலத் தொட்டி நான்கரை அடிக்கு மேல் நீளமாக இருந்தால் திரும்பாது. எத்தனை பேர் பிடித்தாலும் திரும்பாது. பக்கவாட்டில் சரித்தாலும் பயனில்லை, உயரமும் இரண்டடிதானே.

மூங்கில் சிம்பையோ மரச்சட்டத்தையோ கட்டி, தொட்டியின் முழு அளவில் ஒரு கூடு செய்யுங்கள். இருவர் அதைத் தூக்கிக்கொண்டு லொறி நிற்கும் இடத்திலிருந்து தொட்டி வைக்கும் இடம் வரை நடந்து பாருங்கள். இஸ்தோப்புத் தூண், தண்ணித் தாங்கி, கேற், நிலைக்கதவின் கைப்பிடி, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கூடு ஓரிடத்தில் முட்டினால் கதவைக் கழற்றுங்கள், அல்லது ஜன்னல் வழியைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தொட்டியைச் சிறிதாக்குங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

ரோட்டுல இருந்து வீட்டுக்கு அம்பது அறுபது படி எறங்கணும். எப்படிக் கொண்டு போறது?

முதல் நாளே படியைத் தேய்த்துப் பாசியை எடுத்துவிடுங்கள். உடைந்த படி, ஆடும் கல் எது என்று பார்த்துச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். பத்துப் பன்னிரண்டு படிக்கு ஓரிடம் தொட்டியை இறக்கி வைக்க வேண்டும். படியில் வைக்க முடியாது, அதனால் படி திரும்பும் மேடைகளில் பழைய மெத்தையோ மடித்த சாக்குகளோ முன்கூட்டியே போட்டு வையுங்கள். வெறும் சீமெந்தில் ஒரு மூலை மட்டும் பட்டாலே கண்ணாடியில் வெடிப்பு ஓடிவிடும்.

பாரத்தைக் கையில் மட்டும் நம்ப வேண்டாம். அகலமான பட்டிகள் இரண்டை அடித்தட்டின் கீழே, இரு முனையிலிருந்தும் ஓரடி உள்ளே தள்ளிப் போட்டு, இருபக்கமும் பிடித்துக்கொள்ளலாம். இதைவிட நல்லது, தொட்டியைத் தடித்த பிளைவுட் பலகை மேல் ஏற்றி, பலகையோடு கட்டி, பலகையைத் தூக்குவது. அப்போது முறுக்கு பலகையில் விழும், கண்ணாடியில் விழாது. கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் உறிஞ்சு கைப்பிடிகளைச் சிலர் இரவல் வாங்கி வருகிறார்கள். அவை தரையில் நகர்த்தித் திருப்ப உதவும். பனி படிந்த கண்ணாடியில் பிடி விட்டுவிடும், படியில் அவற்றை நம்பி உயிரை வைக்காதீர்கள்.

தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதை என்றால் அட்டைக்கும் வழி செய்யுங்கள். இரண்டு கையிலும் பாரம் இருக்கும்போது காலில் அட்டை ஏறினால் ஆளின் கவனம் அங்கேதான் போகும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியாவே கொண்டுவந்து வீட்டுக்குள்ள வச்சு ஒட்டலாம்னு சொல்றாங்களே, உறுதியா இருக்குமா?

இருக்கும். படி அதிகமுள்ள வீட்டுக்கும், மூன்றாம் கேள்வியில் சொன்ன மாதிரித் திரும்ப முடியாத வீட்டுக்கும், நான் முதலில் சொல்வதே இதைத்தான். ஐந்து தகடுகளைத் தனித்தனியாக இருவர் தூக்கலாம். ஆறடிக்கு இரண்டடித் தகடு ஒன்று 34 கிலோதான். தொட்டி ஒட்டிப் பழகியவரை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவர் எல்லோருக்கும் இந்த வேலை வராது. அவர் செய்த தொட்டி ஒன்று தண்ணீரோடு வருடக்கணக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டு அழையுங்கள்.

சிலிக்கன் மீன் தொட்டிக்கானதாக இருக்க வேண்டும். குளியலறைக்கு விற்கும், பூஞ்சணம் பிடிக்காமல் மருந்து கலந்த சிலிக்கன் மீனைக் கொல்லும். ஒட்டுகிற அன்று கண்ணாடியும் காற்றும் காய்ந்திருக்க வேண்டும். பனி இறங்கும் மாலையில் துடைத்த கண்ணாடியே மறுபடி ஈரமாகிவிடும். நம் குளிருக்குச் சிலிக்கன் மெதுவாகத்தான் இறுகும். கொழும்பில் இரண்டு நாளில் தண்ணீர் விட்டதாகச் சொல்வார்கள். நீங்கள் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள், நுவரெலியா என்றால் இன்னும் சில நாள். புளித்த வினாகிரி வாடை முற்றாகப் போன பிறகு தண்ணீர்.

கண்டியில இருந்து லொறியில வர்றப்போ எப்படி வைக்கணும்?

ஒட்டிய தொட்டி என்றால் அடித்தட்டு கீழே இருக்க, மெத்தை மேல், லொறியின் நீளவாக்கில். தனித்தகடு என்றால் நேர்மாறு: படுக்கப் போடக் கூடாது, விளிம்பில் நிறுத்திச் சாய்த்துக் கட்ட வேண்டும். படுக்கப் போட்ட தகடு, லொறி ஒரு குழியில் இறங்கினாலே உடைந்துவிடும்.

தொட்டிக்குள் எதையும் வைக்காதீர்கள். ஸ்டேண்ட், பம்ப், கூழாங்கல் மூட்டை எல்லாம் வேறு இடத்தில். இறம்பொடைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ, வளைவுகளில் தொட்டி பக்கவாட்டில்தான் நகரப் பார்க்கும். இரு பக்கமும் சாக்கு திணித்து இறுக்குங்கள், அதன் பிறகு கயிறு. கயிறு கண்ணாடியில் நேரே படும் இடமெல்லாம் ரெஜிபோம் துண்டு வையுங்கள். மேலே தறப்பாள். சாரதியிடம் அவசரமில்லை என்று இரண்டு தரம் சொல்லுங்கள்.

எந்த மாசத்துல கொண்டு வர்றது நல்லது?

ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியாவுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை படியை உலர விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு மாறும். அங்கே வருடக் கடைசியில்தான் பெருமழை, ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காலம். எந்த மாதமானாலும் காலையில் ஆரம்பியுங்கள். பின்னேரம் மழையும் பனியும் சேர்ந்து வரும்.

எங்களது லயத்துக் காம்பரா. வைக்கலாமா?

தரை மண்ணில் நேரே நிற்பதால் பாரத்தை மண் தாங்கும். சந்தேகம் மேல் பூச்சில்தான். பழைய காம்பராக்களில் சீமெந்துப் பூச்சு மெல்லியது, அடியில் எலி குடைந்திருந்தால் வெற்றிடமும் இருக்கும். தரையைக் கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மாறும் இடத்தில் ஸ்டேண்டின் கால் நிற்கக் கூடாது. நான்கு கால் ஸ்டேண்டாக இருந்தால் காலுக்குக் கீழே தடித்த பலகை போட்டுப் பாரத்தைப் பரப்புங்கள்.

ஆனால் 10 அடிக்கு 12 அடி அறையில் குடும்பமே புழங்கும் இடத்தில் ஆறடித் தொட்டி வேண்டாம் என்பேன். பிள்ளைகள் ஓடுவார்கள், அடுப்புப் புகையும் அங்கேதான். மூன்றடித் தொட்டி அழகாக இருக்கும். இன்னொன்று, நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அதை ஒட்டி வைத்தால் கசிவு முதலில் பக்கத்துக் காம்பராவில்தான் தெரியும். வெளிச்சுவர்ப் பக்கம் வையுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மேல் மாடியில ஸ்லாப் இருக்கு, பலகைத் தரை இல்ல. பயமில்லதானே?

வீட்டு ஸ்லாப்பை வழக்கமாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவு புழங்கு பாரத்துக்குக் கணக்கிடுவார்கள். அது சதுர அடிக்கு 14 கிலோ. முதல் பதிலில் வந்த ஆறடித் தொட்டி தன் அடியில் சதுர அடிக்கு 75 கிலோ வைக்கிறது. அறை முழுவதையும் கணக்கில் எடுத்தால் ஸ்லாப் தாங்கக்கூடும், ஏனென்றால் மற்ற இடம் வெறுமையாக இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே சுவரோ பீமோ உள்ள இடம் பரவாயில்லை. அறையின் நடுவும், பல்கனி போல வெளியே நீட்டிய ஸ்லாப்பும் கூடவே கூடாது.

நான்கடிக்கு மேல் போனால் வீட்டைக் கட்டிய பாஸிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பழைய துரை பங்களாக்களின் பலகைத் தரைக்கு இது இன்னும் அவசியம். அங்கே தொட்டியைத் தரையைத் தாங்கும் மரத் துலாக்களுக்குக் குறுக்காக, சுவரோரம் வைத்தால் பல துலாக்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரே துலாவின் மேல் நீளவாக்கில் வைத்தால் அந்த ஒன்றே முழுவதையும் சுமக்கும். கீழே இறங்கி டோர்ச் அடித்துப் பாருங்கள்: கறையான் புற்று, ஈரத்தில் கறுத்த மரம் இருந்தால் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள்.

வீடு பாதி வெட்டுமண்ணுல, பாதி நெரப்புன மண்ணுல நிக்குது. எந்தப் பக்கம் வைக்கிறது?

வெட்டிய பக்கம், அதாவது மேட்டோரம். நிரப்பிய மண் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தொட்டியின் ஒரு முனை அதனோடு இறங்கினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும்.

சுவரில் புதிதாக வெடிப்பு, முன்பு சாத்திய கதவு இப்போது சிக்குவது, முற்றத்தில் நீள வெடிப்பு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, சாய்ந்த மரம், இவற்றில் எதையாவது கண்டால் தொட்டி யோசனையை அப்படியே வைத்துவிட்டுக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்த்து எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்களை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. தொட்டி பிறகு வரட்டும்.

தரை வாசல் பக்கம் சாய்ஞ்சிருக்கு. தொட்டிக்கு அடியில அட்டை செருகலாமா?

தொட்டிக்கு அடியில் கூடாது, ஸ்டேண்டுக்கு அடியில். கழுவினால் தண்ணீர் ஓடவேண்டும் என்று நம் வீடுகளில் தரையைச் சாய்த்தே போடுவார்கள். முதலில் ஸ்டேண்டை வைத்து மட்டம் பாருங்கள், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும். அட்டை நனைந்து நசுங்கும், அதற்குப் பதில் தகரமோ வன்மரச் சீவலோ வையுங்கள்.

பிறகு தொட்டியை ஏற்றி இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு நான்கு மூலையிலும் அளவுகோல் வைத்து அளந்தால், எந்தக் கருவியையும்விட அது சரியாகச் சொல்லும். ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்வது பெரிய ஆபத்தில்லை. எதிரெதிர் மூலைகள் உயர்ந்து தாழ்ந்து நிற்பதுதான் ஆபத்து, அது முறுக்கு. அப்படியானால் தண்ணீரை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

ரெஜிபோம் கட்டாயம் போடணுமா?

அடித்தட்டு நேரே ஸ்டேண்டில் உட்காரும் தொட்டிக்குப் போடுங்கள், அரை அங்குலம் போதும். ஒரு மணல் பரல் அடியில் இருந்தாலும் ரெஜிபோம் அதை விழுங்கிவிடும். சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் வைத்து அடித்தட்டு அந்தரத்தில் நிற்கும் தொட்டிக்குப் போடாதீர்கள். அதன் பாரம் சட்டத்தில் நிற்க வேண்டும்.

வாஸ்துப்படி வடகிழக்கு மூலைன்னு சொல்றாங்க. என்ன செய்ய?

முதலில் தரை சொல்லும் இடம். அந்த இடங்களுக்குள் வடகிழக்கு வந்தால் சந்தோஷமாக வையுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

தொட்டி உள்ள வந்துட்டுது. உடனே நெரப்பி மீன் விடலாமா?

உடனே வேண்டாம். நிரப்புவதை மூன்று நாளாகப் பிரியுங்கள்: கால்வாசி, பாதி, முழுக்க. ஒவ்வொரு தடவையும் மூலைகளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். பீலித் தண்ணீர் கைவிறைக்கும் குளிர். அதற்காகக் கொதித்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். நகரசபைக் குழாய் என்றால் குளோரினுக்கு மருந்து வேண்டும். தோட்டத்து ஓடை என்றால் மேலே களைக்கொல்லி அடித்த வாரத்திலும் அடுத்த மழையிலும் எடுக்காதீர்கள்.

கொழும்பு மீன் 28 பாகைத் தண்ணீரில் இருந்து வருகிறது. நுவரெலியாவில் வீட்டுத் தண்ணீர் 16க்குக் கீழேயும் நிற்கும். 600 லீற்றரைச் சூடாக்கி வைக்க 300 வோட்ஸ் ஹீற்றர் குறைந்தது இரண்டு வேண்டும். மூடியும், பின்பக்கத்துக்கு ரெஜிபோமும் இல்லாவிட்டால் அதுவும் திணறும். ஹீற்றரைத் தண்ணீருக்கு வெளியே எரியவிடாதீர்கள். இணைப்பு ட்ரிப் சுவிட்ச் வழியாக வரட்டும். என் விருப்பத்தைக் கேட்டால், நுவரெலியாவுக்குத் தங்கமீன் போதும். குளிர் அதற்குப் பிடிக்கும், ஹீற்றரே வேண்டாம்.

காலையில பார்த்தா கண்ணாடிக்கு வெளியே தண்ணியா நிக்குது. ஒழுகுதா?

பெரும்பாலும் வியர்வை. குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டி, அடுப்பெரியும் ஈரமான அறை, இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி வியர்க்கும். வியர்வை என்றால் முகப்பு முழுக்க ஒரே சீராகப் படிந்திருக்கும், வெயில் ஏறியதும் போய்விடும். ஒழுகல் ஒரு மூலையிலிருந்தோ ஒட்டிய கோட்டிலிருந்தோ தொடங்கும்.

சந்தேகம் தீராவிட்டால் துடைத்துவிட்டு, அடியைச் சுற்றி உலர்ந்த பத்திரிகைத் தாளைச் சொருகி வையுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு வெளியே பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் தாளில் ஓரிடம் மட்டும் நனைந்து, மட்டமும் இறங்கியிருந்தால் தண்ணீரை இறக்க வேண்டியதுதான்.

அவ்வளவு தண்ணியையும் எங்க எறக்குறது?

வீட்டுக்குப் பின்னால் சரிவில் விடாதீர்கள். 600 லீற்றர் ஒரே நேரத்தில் அணைசுவருக்குப் பின்னாலோ அத்திவாரத்தடியிலோ இறங்குவது மழைக்காலத்தில் நாமே மண்ணைக் கரைப்பதற்குச் சமம். குழாயை நீட்டிக் கானில் விடுங்கள். வாரவாரம் மாற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், மீன் கழிவு நல்ல பசளை.

வேற வீட்டுக்குப் போறோம். மீனோட தொட்டிய எப்படி மாத்துறது?

தொட்டியைத் தண்ணீரோடும் கூழாங்கல்லோடும் ஓரங்குலம்கூட நகர்த்தக் கூடாது. ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். மீனைப் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று என்று கட்டி, மூடியுள்ள ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். பில்டரின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், பழைய தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் மூழ்கவிட்டுக் கொண்டுபோங்கள். அதில் உள்ள, மீன் கழிவைச் சிதைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் நல்ல பக்ரீரியா காற்றோட்டம் இல்லாமல் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். அதனால் புது வீட்டில் முதலில் ஓடவேண்டியது பில்டர். பக்ரீரியா செத்துவிட்டால் தொட்டி மறுபடி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம், குளிரில் இன்னும் அதிகம்.

நாவலப்பிட்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் வெப்ப வித்தியாசத்தையும் கவனியுங்கள். பையைப் புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, பிறகு மீனை விடுங்கள். அன்று தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம்.